‘பெரிய மேடம்’ நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மனநல ஆலோசனை மையம் நடத்தும் தலைமை ஆலோசகர்களுக்கு,

வணக்கம்.

மாலை ஆறரை மணி. கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் உங்கள் ரிசப்ஷனில் நிற்கிறார். அப்பாயின்ட்மென்ட் இளைய தெரபிஸ்டிடம். “பெரிய மேடத்தையே பார்த்துடறோமே, எவ்வளவு நேரம்னாலும் காத்திருக்கோம்” என்கிறார். ரிசப்ஷனிஸ்ட் உங்கள் அறைக் கதவைத் தட்டுகிறார். அன்றைக்கு ஏற்கெனவே ஆறு செஷன் முடித்திருக்கிறீர்கள். இருந்தாலும் “சரி, அனுப்புங்க” என்று சொல்லிவிடுகிறீர்கள்.

பார்ப்பவர்களுக்கு இது சேவை மனப்பான்மை. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஒரு நொடியில் உள்ளே ஓடியதைத் திரும்பிப் பாருங்கள். ‘அவரிடம் அனுப்பி இந்தப் பெண் மறுபடி வராமல் போனால்? அவரை வேலைக்கு எடுத்தது சரிதானா? இத்தனை பேரை வைத்து ஒரு மையத்தை நடத்த எனக்குத் தகுதி உண்டா?’ ஒரு தாயின் சாதாரண வேண்டுகோள், மூன்றே தாவலில் உங்கள் தகுதியில் வந்து நிற்கிறது.

தெரபிஸ்டுகளுக்கு சூப்பர்விஷன் செய்கிறவர்கள், அதாவது அவர்கள் பார்க்கும் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டுகிறவர்கள் என்ற முறையில் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறோம். செஷன் அறைக்குள் உங்களை நல்ல தெரபிஸ்டாக வைத்திருக்கும் அதே சந்தேகம், நிர்வாக நாற்காலிக்கு வந்ததும் உங்களை அரிக்கிறது. அறைக்குள் அதற்குப் பதில் கிடைக்கிறது, நாற்காலியில் கிடைப்பதில்லை. பதில் கிடைக்கிற வடிவத்துக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். எப்படி என்பதுதான் மற்றதெல்லாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். சந்தேகப்படுவது குறை இல்லை. தகுதியும் வெற்றியும் இருந்தும் தன்னைப் போலியாகவே நினைக்கும் மனநிலையைப் பற்றிப் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் எழுதினார்கள். நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. இதன் மறுபக்கத்தை 2012இல் ஸ்டீவன் வால்ஃபிஷும் அவரோடு பணியாற்றியவர்களும் காட்டினார்கள். 129 மனநலப் பணியாளர்களிடம், சக பணியாளர்களோடு ஒப்பிட்டு உங்கள் திறமையை மதிப்பிடுங்கள் என்று கேட்டபோது, கால்வாசிப் பேர் தங்களை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார்கள். சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சந்தேகமே வராத தெரபிஸ்டைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். நார்வேயின் ஹெலீன் நிசன்-லீயின் ஆய்வுகள் இன்னும் நுணுக்கமானவை. தன் தொழில்திறனைச் சந்தேகிக்கும் தெரபிஸ்டுகளிடம், அவர்கள் தனி மனிதராகத் தங்களைப் பரிவோடு நடத்துபவர்களாகவும் இருந்தால், கிளையண்டுகளுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது என்று அவை காட்டின.

தொழிலைச் சந்தேகிக்கலாம், கூடவே தன்மேல் பரிவும் வேண்டும். தலைமை நாற்காலியில் இது எளிதில் தலைகீழாகிவிடுகிறது. ஏன் என்று பாருங்கள். செஷனில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை தவறினால் எதிரில் இருப்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த வாரம் சரிசெய்யலாம், சூப்பர்வைசரிடம் கேட்கலாம். கட்டணம் ஏற்றியதும், ஒருவரை வேலைக்கு எடுத்ததும் சரியா தவறா என்று தெரிய ஆறு மாதம் ஆகும். ஊழியர்கள் முதலாளியின் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். சூப்பர்விஷனில் கேஸைப் பேசுவீர்களே தவிர வாடகையைப் பேச மாட்டீர்கள். பதில் வராத இடத்தில் மனம் தானே பதில் எழுதிக்கொள்கிறது. அந்தப் பதில் எப்போதும் உங்களுக்கு எதிரானதாகவே இருக்கும்.

இந்தச் சந்தேகம் பயம் என்ற பெயரில் வருவதில்லை, நல்ல குணத்தின் பெயரில் வருகிறது. அதனால்தான் பிடிபடாமல் போகிறது. சிக்கலான கேஸையெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வது பொறுப்பு மாதிரித் தெரியும். இளையவர் எழுதிய செஷன் நோட்ஸை ராத்திரி உட்கார்ந்து நீங்கள் திருத்தி எழுதுவது அக்கறை மாதிரித் தெரியும். மூன்று வருடமாகக் கட்டணத்தை ஏற்றாதது இரக்கம், தாமதமாக வருகிறவரிடம் “வீட்ல எதாவது பிரச்சினையாம்மா?” என்று நான்காவது தடவை கேட்பது பரிவு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நல்ல குணமும் இருக்கத்தான் செய்கிறது. ‘இதை நான் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்?’ என்று கேட்டுப்பாருங்கள். ‘நான் லாயக்கில்லை என்று தெரிந்துவிடும்’ என்பதுதான் பதில் என்றால், அங்கே முடிவெடுப்பது சந்தேகம்தான்.

அந்தத் தாய்க்கே திரும்பி வருவோம், ஏனென்றால் மையத்தின் தலையெழுத்து ரிசப்ஷன் மேசையில்தான் எழுதப்படுகிறது. “பெரிய மேடம் பிசி” என்று ரிசப்ஷனிஸ்ட் சொன்னால், இளையவர் இரண்டாம் தரம் என்று வந்தவருக்கு உறுதியாகிவிடும். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துப் பழக்குங்கள். “உங்க பொண்ணோட விஷயத்துக்கு இவங்கதான் பொருத்தமானவங்கன்னு மேடமே பார்த்து போட்டிருக்காங்க. மூணு தடவை பார்த்துட்டு, மாத்தணும்னு தோணினா எங்ககிட்ட சொல்லுங்க, மாத்தித் தர்றோம்.” இது பொய்யாக இருக்கக் கூடாது. பதிவுப் படிவத்தை நீங்கள் உண்மையிலேயே படித்து ஒதுக்க வேண்டும், அதற்கு ஒரு படிவத்துக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்றாவது செஷன் முடிந்ததும் ரிசப்ஷனிலிருந்து ஒரு போன் போக வேண்டும். இவ்வளவு செய்தபிறகும் மாற்றக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்தான் உங்கள் முதல் தாவலுக்குப் பதில்.

எண்ணுவது தெரபிக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் நம் தொழிலில் ஆழமாக இருக்கிறது. நாங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு கிளையண்ட் நடுவில் நின்றுவிட்டால் அன்றிரவு தூங்காத தலைமை ஆலோசகர்கள், மொத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பேச்சு சிகிச்சையை முடிக்காமல் நிறுத்துபவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஜோஷுவா ஸ்விஃப்ட், ரோஜர் கிரீன்பெர்க் இருவரும் 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட கணக்கு இது. மூன்று மாதத்தில் உங்கள் மையத்துக்குப் புதிதாக 40 பேர் வந்தால், 8 பேர் நின்றுபோவது உலகம் முழுக்க நடக்கிற அளவு. 16 பேர் நின்றால் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அப்போதும் கேள்வி ‘நான் லாயக்கா’ என்று ஆகிவிடக் கூடாது. எந்த செஷனுக்குப் பிறகு நின்றார்கள், யாரிடம், எந்த நேர ஸ்லாட்டில் என்று பாருங்கள். முதல் செஷனோடு நிற்பவர்கள் அதிகம் என்றால், முதல் செஷன் முழுக்கக் கேள்வி கேட்பதிலேயே போகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி பத்து நிமிடத்தில் ‘உங்கள் பிரச்சினையை நாங்கள் இப்படிப் புரிந்துகொள்கிறோம், ஏறக்குறைய இத்தனை செஷன் ஆகும், இப்படிப் போவோம்’ என்று சொல்லாமல் அனுப்பினால் பலர் திரும்பி வர மாட்டார்கள்.

முன்னேற்றத்தை அளக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மனச்சோர்வோடு வருபவர்களுக்கு பி.எச்.கியூ-9 படிவம். ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், நிரப்ப மூன்று நிமிடம். முதல், நான்காவது, எட்டாவது செஷனில் கொடுங்கள். 5 புள்ளி குறைந்தால் அது கவனிக்கத்தக்க மாற்றம். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 படிவம். பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. கிளையண்ட் கிளம்புவதற்கு முன் யாராவது அந்த வரியைப் பார்த்தே ஆக வேண்டும். படிவம் கோப்புக்குள் போய்விட்டு மூன்று நாள் கழித்து ஒருவர் கண்ணில் படுவதைப் போல ஆபத்து வேறில்லை.

அடுத்தது பணம். சந்தேகம் மிக வசதியாக ஒளிந்துகொள்கிற இடம் இது. ‘கஷ்டத்தில் வருகிறவர்களிடம் எப்படி அதிகம் கேட்பது’ என்ற கேள்வியை மனதுக்குள் வைத்துப் பதில் காண முடியாது, காகிதத்தில் போட வேண்டும். இரண்டு அறை மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகை 30,000. ரிசப்ஷனிஸ்ட் சம்பளம் 18,000. மின்சாரம், இணையம், சாஃப்ட்வேர் 8,000. துப்புரவு 5,000. ஆடிட்டர், காப்பீடு, சூப்பர்விஷன் சேர்த்து 9,000. மாதம் 70,000 ரூபாய். செஷன் கட்டணம் 1,200, அதில் தெரபிஸ்டுக்கு 60 சதவீதம் என்றால் 720 போக மையத்துக்கு 480 நிற்கும். 70,000 ரூபாயை 480ஆல் வகுத்தால் 146 செஷன், செலவு அடைபட மாதம் இத்தனை வேண்டும்.

இப்போது நீங்கள் மாதம் 60 செஷன் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த 72,000 ரூபாய் முழுவதையும் மையத்துக்கே விட்டுவிட்டால் செலவு அடைபடும், மையம் நன்றாக ஓடுவது போலத் தெரியும். உண்மையில் நீங்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்து வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ‘எவ்வளவு உழைத்தும் நிற்கவில்லையே, எனக்கு நிர்வாகம் வராது’ என்ற எண்ணத்துக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு. உங்களுக்கும் 60 சதவீதம் எடுத்துக்கொண்டால், உங்கள் 60 செஷனிலிருந்து மையத்துக்கு 28,800. மீதி 41,200க்கு மற்றவர்கள் 86 செஷன் பார்க்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து ரத்தாகும் என்றால் 102 பதிவு. இரண்டு தெரபிஸ்டுகளுக்கு ஆளுக்கு 51. கட்டணத்தை 1,400 ஆக்கினால் அந்த 86 செஷன் 65ஆகக் குறையும். அதே கணக்கில், பத்தில் இரண்டு ஸ்லாட்டைப் பாதிக் கட்டணத்துக்கு ஒதுக்க முடியுமா என்றும் போட்டுப் பார்க்கலாம். முடியும் என்றால் அந்த இரண்டையும் எழுதி வையுங்கள், யாருக்கு, எத்தனை மாதத்துக்கு என்பதோடு. கேட்டவருக்கெல்லாம் அவரவர் முகத்தைப் பார்த்துக் குறைப்பது இரக்கம் ஆகாது. கேட்கக் கூச்சப்படுகிற ஏழைக்கு அதில் இடமே இல்லை. ஏற்றுவதை இரண்டு மாதம் முன்பே அறிவியுங்கள், ஏற்கெனவே வருகிறவர்களுக்கு மூன்று மாதம் பழைய கட்டணம் வையுங்கள், அறிவிப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள்.

ஊழியரைத் திருத்துவதில் நம் பயிற்சியே நமக்கு எதிராக நிற்கிறது. நிபந்தனையற்ற ஏற்பு, திறந்த கேள்வி, மௌனம் எல்லாம் கிளையண்டுக்கானவை. நோட்ஸை இரண்டு வாரமாக எழுதாத தெரபிஸ்டிடம் அவற்றைப் பயன்படுத்தினால் அவர் அழுவார், நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள், நோட்ஸ் அப்படியே கிடக்கும். அதோடு முதலாளியே தெரபிஸ்ட் ஆகிவிடுவதால், அவர் சொன்ன சொந்த விஷயங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் இரண்டு பேர் தொண்டையிலும் முள்ளாக நிற்கும். இந்தப் பேச்சுக்கு இருபது நிமிடம் போதும், ஐம்பது வேண்டாம். நடந்ததை எண்ணோடு சொல்லுங்கள்: “ஏழு செஷனுக்கு நோட்ஸ் இல்லை.” அதனால் என்ன என்பதைச் சொல்லுங்கள்: “இதில் ஒருவருக்கு நெருக்கடி வந்தால், வேறு யாரும் கையில் எடுக்க முடியாது.” இனி வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள்: “செஷன் முடிந்த 48 மணி நேரத்துக்குள். பழைய ஏழும் வெள்ளிக்கிழமைக்குள்.” பிறகு ஒரு கேள்வி, “இதுக்கு என்கிட்டேருந்து என்ன வேணும்?” தொடர்ந்து ஆறு செஷன் ஒதுக்கியிருப்பதால் எழுத நேரமில்லை என்று அவர் சொன்னால், தவறு அட்டவணையில் இருக்கிறது, அதைத் திருத்துவது உங்கள் வேலை. சொந்தக் கஷ்டம் என்றால் வெளியே ஒரு தெரபிஸ்டின் எண்ணைக் கொடுங்கள். பேசியதை அன்றே இரண்டு வரியில் அவருக்கு மெயில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கேளுங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் கடைசி அடியில்தான். பேச்சு நன்றாக முடிந்த நிம்மதியில் வெள்ளிக்கிழமை மறந்துபோகும்.

எல்லாச் சந்தேகத்தையும் இப்படிக் கணக்குப் போட்டுத் தணிக்க முடியாது. ஒரு கிளையண்டின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது வரும் பயம் நியாயமானது. அதைப் பயம் இல்லாத நாளில், உட்கார்ந்து எழுதிய நடைமுறையால்தான் தாங்க முடியும். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காகப் பார்பரா ஸ்டான்லியும் கிரகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தில் ஆறு படி: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தங்கள், தொழில்முறை உதவி எண்கள், வீட்டில் ஆபத்தானவற்றை அப்புறப்படுத்துவது. கடைசிப் படியில் நம் ஊர் தெரபிஸ்டுகள் மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள், பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவார்கள். வீட்டில் விவசாயம் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, மையத்தோடு இணைந்து பணியாற்றும் மனநல மருத்துவர், உங்கள் எண், நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்தவர் எண் எல்லாம் ஒரே தாளில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் இருக்கட்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் காதுக்கு வந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே தலைமை ஆலோசகரின் தயக்கத்துக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. “என் பிள்ளை உள்ள என்ன சொன்னான்?” என்று அப்பா போன் செய்தால் ரிசப்ஷனிஸ்ட் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு ரகசியத்தைக் கிளையண்டின் உரிமையாகவே தருகிறது.

எல்லாம் செய்தும் ஒரு கிளையண்டைத் தற்கொலையில் இழக்க நேரலாம். அந்த நாளில் தலைமை நாற்காலி மிகத் தனிமையானது. அன்றே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பார்த்துக்கொண்டிருந்த தெரபிஸ்டிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். அன்றைய மீதி செஷன்களை அவர் பார்க்கலாமா வேண்டாமா என்று அவரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். விடுபட்டது ஏதாவது இருந்தால் இன்றைய தேதியிட்டுத் தனியாக எழுதுங்கள். குடும்பத்தாரிடம் துக்கத்தைப் பேசலாம், செஷனில் வந்ததைப் பேச முடியாது. ஒரு சட்ட ஆலோசகரிடமும், உங்கள் சொந்த சூப்பர்வைசரிடமும் 48 மணி நேரத்துக்குள் பேசிவிடுங்கள். என்ன நடந்தது என்று அலசும் கூட்டத்தை முதல் வாரத்தில் வைக்காதீர்கள். முதல் வாரத்தில் கூடும் கூட்டம் யார் தப்பு என்று தேடத் தொடங்கிவிடும், பெரும்பாலும் நீங்களே கையைத் தூக்கிவிடுவீர்கள்.

சந்தேகம் உண்மையைச் சொல்லும் நேரங்களும் உண்டு. உண்ணும் பழக்கச் சீர்குலைவுக்கும் போதைப் பழக்கத்துக்கும் பயிற்சி எடுக்காமல் கேஸ் எடுத்திருந்தால், உறுத்துவது உறுத்தத்தான் வேண்டும். அங்கே தேவை வேறு ஒருவரிடம் அனுப்புவது, அல்லது பயிற்சி. “நீங்க டாக்டரா?” என்ற கேள்வி வரும்போதெல்லாம் குறுகிப்போகிறவர்கள், தங்கள் பதிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருந்தால் எண்ணைக் கதவில் போடுங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரைப் பலகையில் போடாதீர்கள். இருப்பது இருக்கிறபடி எழுதப்பட்ட பலகைக்குக் கீழே உட்காரும்போது பாதிக் கூச்சம் தானாகப் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிடித்ததில் நாட்டம் போய், எல்லாமே உங்கள் தவறாகத் தெரிந்தால், தலைமைத் திறனைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் கிளையண்டுக்கு நீங்கள் கொடுக்கும் அதே பி.எச்.கியூ-9ஐ நிரப்புங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறு ஊர் தெரபிஸ்டாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. சாதாரண 80 பக்க நோட்டு போதும். முக்கியமான ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு வரி எழுதுங்கள். என்ன முடிவு செய்தேன். அன்று எனக்குத் தெரிந்தது என்ன. எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன். எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பேன். உதாரணத்துக்கு: ‘சனிக்கிழமை மாலை ஸ்லாட்டைத் திறக்கிறேன். கடந்த மூன்று மாதத்தில் 14 பேர் கேட்டார்கள். இரண்டு மாதத்தில் பாதிகூட நிரம்பாவிட்டால் மூடிவிடுவேன். பார்க்கும் நாள் இரண்டு மாதம் முடிந்து வரும் முதல் திங்கள்.’ அந்த நாள் வரை இரவு பதினொன்றரைக்குச் சந்தேகம் வந்தால், தேதி எழுதியாகிவிட்டது என்று அதனிடம் சொல்லலாம். மூன்றாவது வரிதான் முக்கியம். அதை எழுதாமல் விட்டால், என்ன நடந்தாலும் உங்களுக்கு எதிராகப் படித்துக்கொள்வீர்கள். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது தவறிய முடிவுகளும் கண்ணில் படும், சரியானவையும் படும். இரண்டும் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

மையம் நடத்தும் இன்னொருவரை, உங்கள் ஊரில் போட்டி இல்லாதவரைத் தேடிப்பிடியுங்கள். மாதத்துக்கு ஒரு மணி நேரம், கேஸ் பேசாமல் நிர்வாகம் மட்டும் பேச. வாடகை, ஆள், கணக்கு, அந்த நோட்டு. அந்த ஒரு மணி நேரத்தை அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஸ்லாட்டில் இன்றைக்கே அடைத்துவிடச் சொல்லி ரிசப்ஷனிடம் சொல்லுங்கள். யார் வந்து “பெரிய மேடத்தையே பார்க்கணும்” என்று கேட்டாலும் அதை மட்டும் திறந்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சூப்பர்விஷன் பணியில் இருக்கும் உங்கள் சக தெரபிஸ்டுகள்